5. பழைய கயிற்றிலிருந்து பலகை

ஆலந்தலையில் வள்ளங்களைக் கரையேற்றி வைத்திருக்கும் இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய சரக்கு கிடைத்துவிடும். நைந்துபோன நங்கூரக் கயிறு, கிழிந்த வலையிலிருந்து அறுத்துப் போட்ட மேல்கயிறு, எதற்கும் ஆகாத துண்டு துணுக்குகள். அவற்றில் பெரும்பங்கு எச்.டி.பி.இ. என்கிற பாலிஎதிலீன். அதை உருக்கி அழுத்தி, ஒரு அடிச் சதுரத்தில் கெட்டியான பலகையாக்குவதுதான் இங்கே வேலை. அந்தப் பலகையிலிருந்து வலை ஊசி, கயிறு சுற்றும் கட்டை, படகின் விளிம்பில் உராய்வு தாங்கும் பட்டை எல்லாம் அறுத்துக்கொள்ளலாம்.

உருக்குவது யாருக்கும் வரும். கெட்டுப்போகிற பலகைகளில் பாதி, சரக்கைப் பிரிப்பதில் கெடுகின்றன. மீதி, ஆறவைப்பதில் கெடுகின்றன. அதனால் அடுப்பைப் பற்றிக் கொஞ்சமும், மற்ற இரண்டைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

ஆலையில் எப்படிச் செய்கிறார்கள்?

சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகி, மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகுவது தெர்மோபிளாஸ்டிக். உங்கள் ஃபைபர் வள்ளம் இந்த வகையில்லை. அதிலுள்ள ரெசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். சூட்டில் கருகுமே தவிர இளகாது. கோட்பாடு இவ்வளவு போதும்.

ஆலையின் முறைகளைத் தெரிந்துகொள்ள வீட்டுச் சாமான்களைத் திருப்பிப் பாருங்கள். வாளியின் அடியில் நட்டநடுவே ஒரு சிறு தழும்பு இருக்கும். அந்த இடம் வழியாகத்தான் உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பீச்சினார்கள்; அது இன்ஜெக்‌ஷன் மோல்டிங். தண்ணீர்க் குடத்தின் அடியில் புள்ளிக்குப் பதில் நீளமான தழும்பும், இரு பக்கமும் மெல்லிய கோடும் இருக்கும். உருகிய குழாய் ஒன்றை இரண்டு பாதி அச்சுகள் கவ்விக்கொள்ள, உள்ளே காற்றை ஊதி உப்பவைத்தது. அது ஊது வார்ப்பு. மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் இந்தத் தழும்புகள் எதுவும் இராது. பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் போட்டு, உலைக்குள் இரண்டு பக்கமும் சுழற்றி, சுவரெங்கும் படியவைத்தது. அது ரோட்டோ மோல்டிங். குழாயும் கயிற்று இழையும் துளை வழியாகப் பிதுக்கி எடுப்பவை. அதற்குப் பெயர் எக்ஸ்ட்ரூஷன்.

கயிற்று இழைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிதுக்கிக் குளிர்வித்த இழையை மறுபடி சூடுகாட்டி, பல மடங்கு நீளத்துக்கு இழுப்பார்கள். கயிற்றின் பலமே அந்த இழுப்பில்தான் இருக்கிறது. நீங்கள் உருக்கியதும் அது போய்விடும். கயிறாக இருந்தபோது வள்ளத்தையே இழுத்ததே என்று நம்பி, பலகையில் கொக்கி செய்து பாரம் தொங்கவிட வேண்டாம்.

ஏன் பலகை, ஏன் வாளி இல்லை?

கை நெம்புகோல் வைத்த சின்ன இன்ஜெக்‌ஷன் மெஷின் வாங்கிவிட்டால் கயிற்றிலிருந்து மூடி, மிதவை எல்லாம் அடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மெஷினைக் குறைசொல்லிப் பயனில்லை, சரக்கு அதற்கானது இல்லை. பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு மெல்ட் ஃபுளோ என்று ஓர் அளவு உண்டு. பாலிஎதிலீனை 190 டிகிரியில் உருக்கி, 2.16 கிலோ எடையால் அழுத்தினால், சிறு துளை வழியாக 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்பது கணக்கு. கயிறு இழைக்கிற எச்.டி.பி.இ.யில் அது 1 கிராமை ஒட்டி இருக்கும். வாளி, மீன் பெட்டி போன்றவற்றுக்கான சரக்கில் அதைப்போல ஏழெட்டு மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். உருகிய கயிறு தேன்போல ஓடாது; பிசைந்த மாவுபோல அமுங்கும். ஆகவே பீச்சாமல் அமுக்கி வார்க்கிறோம். நெம்புகோல் மெஷின் ஏற்கெனவே கையில் இருந்தால், உடைந்த மீன் பெட்டியின் துருவலில் கயிற்றைக் கொஞ்சமாகக் கலந்து தொடங்குங்கள். ஓட்டம் நிற்கும் இடத்தில் கலப்பை நிறுத்துங்கள்.

தேவையானவை

• 6 மி.மீ. கனத்தில், 36 செ.மீ. சதுர இரும்புத் தகடுகள் இரண்டு
• 10 மி.மீ. இரும்புப் பட்டையில் பற்றவைத்த சட்டம் ஒன்று. உள்ளளவு 30 × 30 செ.மீ.
• தகடுகளுக்கு மேல் விரிக்க டெஃப்லான் பூசிய துணி இரண்டு
• தெர்மோஸ்டாட் உள்ள மின்சார ஓவன். இதில் இனிமேல் சோறு, ரொட்டி எதுவும் வைக்கக்கூடாது
• தனியாக ஒரு தெர்மோகப்பிள் மீட்டர். ஓவனின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்
• 10 டன் ஹைட்ராலிக் ஜாக்கியும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டகமும்
• தராசு, அரிவாள், வெட்டுக்கட்டை, முழங்கை வரை மறைக்கும் தோல் கையுறை, கண்ணாடி, இரண்டு வாளி மணல்

சட்டகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நன்றாகப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் சேனல் இரும்பில் செய்து வாங்குங்கள். பத்து டன் அழுத்தத்தில் பற்று விட்டுப்போனால் இரும்பு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

முதல் கட்டம்: பிரித்தல்

1. ஈயக்குண்டுகள் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். நாம் வைக்கும் சூட்டில் ஈயம் உருகாது (அதற்கு 327 டிகிரி வேண்டும்). ஆனால் வெட்டும்போது உதிரும் ஈயத்தூள் கையிலும் சோற்றிலும் ஒட்டி உடம்புக்குள் போகும். பிள்ளைகளை இந்த வேலைக்கு உட்காரவைக்காதீர்கள்.

2. மிதவைகளை அறுத்துத் தனியே வையுங்கள். தெர்மோகோல், நுரை மிதவை எதுவும் நம் சட்டத்துக்குள் போகக்கூடாது. அவற்றை 4ஆம் படியில் வரும் தண்ணீர்ச் சோதனைக்கும் போடாதீர்கள். நுரைக்குள் காற்று இருப்பதால் எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் மிதக்கும், பி.வி.சி. நுரையும் மிதக்கும்.

3. வெயிலில் செத்த கயிற்றைக் கழியுங்கள். இழையை நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தூள் வந்தாலோ, மடித்தால் முறிந்தாலோ அது உருகினாலும் உறுதியான பலகையாகாது.

4. ஒவ்வொரு கயிற்றிலும் விரல்நீளத் துண்டு வெட்டி, பிரித்து, நல்ல தண்ணீரில் போடுங்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, இழைகளுக்கிடையே சிக்கிய காற்றைப் பிதுக்கிவிடுங்கள். பாலிஎதிலீனின் அடர்த்தி 0.95, மிதக்கும். நைலான் 1.14, பாலியெஸ்டர் 1.38, இரண்டும் மூழ்கும். மூழ்குவதெல்லாம் நமக்கு வேண்டாம்.

5. மிதப்பதில் இன்னொரு ஆளும் ஒளிந்திருப்பார்: பாலிபுரோப்பிலீன், அடர்த்தி 0.90 முதல் 0.91. தண்ணீர் இவரைக் காட்டிக்கொடுக்காது. தேங்காய் எண்ணெய் காட்டிக்கொடுக்கும். அதன் அடர்த்தி 0.92 அளவில் இருப்பதால் பாலிபுரோப்பிலீன் மிதக்கும், பாலிஎதிலீன் மூழ்கும். துண்டை நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

6. எண்ணெயில் குழப்பம் வந்தால் சூட்டில் தீர்க்கலாம். ஓர் இரும்புத் தகட்டை 145 டிகிரிக்குக் கொண்டுவந்து இரண்டு இழைகளையும் வையுங்கள். பாலிஎதிலீன் 130 டிகிரியிலேயே உருகிவிடும். பாலிபுரோப்பிலீன் 160ஐத் தாண்டாமல் உருகாது. கயிறு வியாபாரியின் வாக்கையோ நிறத்தையோ விட இந்தத் தகட்டை நம்பலாம். நீலமும் பச்சையும் எந்தப் பிளாஸ்டிக்கிலும் வரும்.

7. குழாய்த் துண்டு, மழைக்கோட்டு, வயர் உறை எதுவும் கலந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் செம்புக் கம்பிச் சோதனை செய்யுங்கள். கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, கழுவிய துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. பி.வி.சி.யாக இருக்கலாம், தூக்கிப் போடுங்கள். சூட்டில் அது விடும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நெஞ்சையும் அரிக்கும், ஓவனையும் அரிக்கும். இந்தச் சோதனையை வெட்டவெளியில் மட்டும் செய்யுங்கள்.

குறிப்பு: தங்கூசி வலையை எரிக்காதீர்கள், உருக்கவும் முயலாதீர்கள். நைலானுக்கு 220 டிகிரிக்கு மேல் வேண்டும். போதாக்குறைக்கு அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவைத்திருக்கும், ஆலையில் உலர்த்தாமல் தொடவே மாட்டார்கள். அதைக் கழுவி உலர்த்திப் பழைய வலை வாங்குபவருக்குக் கொடுங்கள். அதில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தூத்துக்குடிக்காரர்களுக்கு வசதியான ஒரு வழி உண்டு. உப்பளத்து மானியில் 25 டிகிரி (இது சூடு அல்ல, உப்பின் செறிவு) காட்டி, உப்புப் பூக்கத் தயாராக நிற்கும் நீரில் ஒரு குடம் போதும். அதன் அடர்த்தி 1.2. நைலான் அதில் மிதக்கும், பாலியெஸ்டர் அடியில் போய்விடும்.

கரையில் ஒதுங்கும் வெள்ளைக் குருணைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோதும், 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோதும் இவை கடலில் கொட்டின. பின்னதிலிருந்து வந்தவை கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. பெரிய ஆலைகளுக்கு மூலப்பொருள் இந்தக் குருணையாகத்தான் போகிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று அள்ளிவந்து உருக்காதீர்கள். கப்பலில் கூடவே என்னென்ன இருந்தது, எதெல்லாம் அதில் ஊறியிருக்கிறது என்று உங்கள் வாளித் தண்ணீர் சொல்லாது. அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் கட்டம்: கழுவி, உலர்த்தி, வெட்டுதல்

1. ஒட்டியிருக்கும் சிப்பி ஓட்டைச் சுத்தியலால் தட்டி உதிருங்கள்.

2. நல்ல தண்ணீரில் மூன்று அலசு அலசுங்கள். கடல் தண்ணீரில் கழுவுவது கழுவாததற்குச் சமம். உப்பு ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், பலகையில் குமிழி குமிழியாக வரும். இரும்புத் தகடும் துருப்பிடிக்கும்.

3. நிழலில், கொடியில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் வெளியே போட்டுவிடாதீர்கள். மேற்கேயிருந்து வரும் காற்று தேரி மணலை வாரி வந்து ஈரக்கயிற்றில் அப்பிவிடும். அந்தச் செம்மணல் பலகைக்குள் போனால் பின்னால் வாளின் பல் போகும்.

4. கயிற்றின் புரிகளைப் பிரித்து, வெட்டுக்கட்டையில் வைத்து அரிவாளால் இரண்டு செ.மீ.க்குக் குறைவான துண்டுகளாக நறுக்குங்கள். அரைக்கும் மெஷினில் முழுக்கயிற்றைக் கொடுக்காதீர்கள். நீள இழை தண்டில் சுற்றிக்கொண்டு மெஷினை நிறுத்திவிடும். அதைக் கையால் பிடுங்கப்போவதில்தான் விரல் போகிறது. மெஷின் வைத்திருந்தாலும் கையால் நறுக்கிவிட்டுத்தான் போடவேண்டும்.

மூன்றாம் கட்டம்: உருக்குதல்

1. எடை போடுங்கள். 30 × 30 × 1 செ.மீ. என்றால் 900 கன செ.மீ. அதை 0.95ஆல் பெருக்கினால் 855 கிராம். விளிம்பில் பிதுங்குவதற்கும் சேர்த்து 920 கிராம் எடுங்கள். வலை ஊசிக்கு 4 மி.மீ. பலகை போதும், 4 மி.மீ. சட்டம் தனியாகச் செய்துகொண்டு, 342 கிராம் கணக்கிட்டு 370 எடுங்கள். கண்ணளவில் போட்டால் சரக்கு குறையும். குறைந்த சரக்கில் அழுத்தம் முழுவதையும் சட்டமே வாங்கிக்கொள்ளும், பலகையின் நடு பஞ்சுபோல நிற்கும்.

2. கீழ்த்தகடு, டெஃப்லான் துணி, சட்டம் என்ற வரிசையில் அடுக்கி, நறுக்கிய கயிற்றைக் குவியுங்கள். மொத்தமும் ஒரே தடவையில் கொள்ளாது. கொள்ளுமளவு போட்டு ஓவனில் வையுங்கள்.

3. உள்ளே 190 டிகிரி நிற்கட்டும். 220ஐத் தாண்ட விடாதீர்கள். சீக்கிரம் உருகட்டும் என்று சூட்டைக் கூட்டுவது பெருந்தவறு. வெளிப்பக்கம் பழுத்து நாறும், நடு அப்படியே இருக்கும். பிளாஸ்டிக் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். விறகடுப்பு, கேஸ் அடுப்பு, ஊதுவிளக்கு எதுவும் கூடாது. சுடர் படும் இடத்தில் தீப்பிடிக்கும்.

4. சூடுபட்டதும் இழைகள் சுருண்டு குவியல் தானாகவே தாழும். ஆலையில் இழுத்த இழுப்பு அவிழ்கிறது என்று பொருள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, மரக்கட்டையால் அமுக்கி, மிச்சத்தைப் போடுங்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் ஓவன் கதவைத் திறக்காதீர்கள்.

5. எடை முழுதும் உள்ளே போனபிறகு மேலும் 45 நிமிடமாவது வைத்திருங்கள். பிறகு இரும்புக் கம்பியால் நடுவில் குத்திப் பாருங்கள். நறநறப்பு இல்லாமல் ஒரே சீராகக் கம்பி இறங்கி, பொருள் லேசாக ஒளி ஊடுருவ நின்றால் ஆயிற்று. வெள்ளை வெள்ளையாக இழை தெரிந்து, இன்னும் அரைமணி வைத்தும் உருகவில்லை என்றால் அது நைலான் அல்லது பாலியெஸ்டர். அந்தச் சரக்கை ஒதுக்கிவிட்டுப் பிரிக்கும் இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

நான்காம் கட்டம்: அழுத்தி ஆறவைத்தல்

அவசரப்படுபவர்கள் தோற்கும் இடம் இது. உருகிய பாலிஎதிலீனின் அடர்த்தி 190 டிகிரியில் 0.76 அளவில் இருக்கும், இறுகியதும் 0.95 ஆகும். அதாவது ஆறும்போது கனஅளவில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். ஜாக்கியை ஒருமுறை இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனால், சுருங்கும் பிளாஸ்டிக் தகட்டைவிட்டு விலகி, பரப்பில் பள்ளமும் உள்ளே பொந்துமாக நிற்கும்.

1. மேல் டெஃப்லான் துணியையும் தகட்டையும் வைத்து, இரண்டு பேராகச் சேர்ந்து சட்டகத்துக்கு மாற்றுங்கள். வழியில் யாரும், எதுவும் இருக்கக்கூடாது.

2. தகட்டுக்கும் ஜாக்கிக்கும் நடுவே ஒரு கனமான மரப்பலகை வையுங்கள். சூடு நேராகப் போனால் ஜாக்கியின் ரப்பர் வாஷர் போய் எண்ணெய் கசியும். கீழேயும் அதே கனத்தில் ஒரு பலகை வையுங்கள். காரணம் இந்தப் பட்டியலுக்கு அடுத்த பத்தியில்.

3. முதலில் மெதுவாக, விளிம்பில் சரக்கு பிதுங்கும்வரை அழுத்துங்கள். பிறகு முழு பலம். 10 டன் என்பது 900 சதுர செ.மீ.யில் ஒரு சதுர செ.மீ.க்கு 11 கிலோ. இந்த வேலைக்குப் போதும். சட்டகத்தின் நேர்முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பம்பு செய்யுங்கள்.

4. முதல் அரைமணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜாக்கியை மறுபடி இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கும். இறங்காமல் நிற்கும்வரை தொடருங்கள்.

5. தகட்டில் வெறுங்கை வைக்க முடிகிறவரை பிரிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பலகை வளைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு பக்கம் முந்தி ஆறியது. பிந்தி ஆறும் பக்கம் கடைசியாகச் சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். அந்தப் பக்கம் குழிந்திருக்கும். குழிந்த முகம் எது என்று பார்த்தால் சூட்டை எந்தப் பக்கம் தேக்கினீர்கள் என்று தெரிந்துவிடும். கீழே வெறும் இரும்பு, மேலே மரம் என்று வைத்தால் இப்படித்தான் ஆகும். கடற்காற்று ஒரு பக்கமாக அடிக்கும் திண்ணையில் ஆறவைத்தாலும் இதேதான். நேராக வந்தாலும் நீளம் கொஞ்சம் குறையும்; 30 செ.மீ. சட்டத்தில் இரண்டு சதவீதம் சுருக்கம் என்று வைத்தால் 29.4 செ.மீ. கிடைக்கும். அளவு முக்கியமென்றால் சட்டத்தை அதற்கேற்பப் பெரிதாகச் செய்யுங்கள்.

வேறு கோளாறுகளும் காரணங்களும்

பரப்பில் அம்மைத் தழும்புபோலக் குமிழி வந்தால் ஈரம். அறுத்த விளிம்பில் ஏடு ஏடாகப் பிரிந்தால் பாலிபுரோப்பிலீன் கலந்திருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. பழுப்பு நிறமும் மெழுகு கருகிய வாடையும் வந்தால் சூடு கூடிவிட்டது. மூலைகள் நிரம்பவில்லை என்றால் எடை குறைவு, அல்லது ஓவனிலிருந்து சட்டகத்துக்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிட்டது. ஓவனையும் சட்டகத்தையும் நெருக்கி வையுங்கள்.

சுட்டுக்கொண்டால்

உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டும். பிய்க்காதீர்கள்; தோலும் சேர்ந்து வரும். உடனே ஓடும் நல்ல தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, பேனா மை, மாவு எதையும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே எடுப்பார்கள். நைலான், பாலியெஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள். துணியும் உருகி உடம்போடு ஒட்டும். பருத்தி போதும், கால்சட்டையும் மூடிய செருப்பும் வேண்டும்.

வலை ஊசி அறுத்தல்

4 மி.மீ. பலகையில் உங்களிடம் இருக்கும் ஊசியையே வைத்து வரைந்து, கண்ணியின் அளவுக்கேற்ப அகலத்தைத் தீர்மானியுங்கள். வெளிக்கோட்டைப் பிறகு அறுக்கலாம். முதலில் நடு நாக்கின் இரு பக்கமும் துளையிட்டு, மெல்லிய வாளை உள்ளே விட்டு நாக்கை வெட்டுங்கள். வெளிக்கோட்டை முதலில் அறுத்தால் பிடித்துக்கொள்ள இடம் இராது. துளைக்கும் மெஷின் மெதுவாகச் சுற்றவேண்டும். வேகமாகச் சுற்றினால் துருவல் உருகி முனையைச் சுற்றிக்கொள்ளும். விளிம்பை உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கீழே சாக்கு விரித்து அறுத்தால் தூள் மணலில் சேராது. அந்தத் தூளும் விளிம்பில் நறுக்கிய பிதுக்கலும் அடுத்த சட்டத்துக்குள் போகலாம்.

மீன் அறுக்கும் பலகையாகவோ சாப்பாட்டுப் பாத்திரமாகவோ இதைச் செய்யாதீர்கள். கயிறு எந்த எண்ணெயில், எந்தப் பெயின்ட்டில் கிடந்தது என்று கழுவிய பிறகு கண்டுபிடிக்க முடியாது.

சொந்த உபயோகத்தைத் தாண்டித் தொழிலாகச் செய்யப்போகிறீர்கள் என்றால், 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மறுசுழற்சி செய்பவர் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். சரக்கின் மெல்ட் ஃபுளோவைச் சோதிக்கவும் பயிற்சிக்கும் மதுரையிலுள்ள, சிப்பெட் என்னும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிலையத்தை அணுகலாம். நறுக்கும் மெஷின், அமுக்கும் மெஷின் இவற்றின் வரைபடங்களை, 2013இல் நெதர்லாந்தில் டேவ் ஹாக்கன்ஸ் தொடங்கிய ப்ரீஷஸ் பிளாஸ்டிக் திட்டம் யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்திருக்கிறது. கயிற்றுக்கென்று அவற்றில் நறுக்கும் பகுதியை மாற்றவேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பலகையின் மூலையிலும், சூடாக்கிய ஆணியால் எச்.டி.பி.இ. என்றும் மாதமும் ஆண்டும் எழுதிவிடுங்கள். இது எத்தனையாவது உருக்கல் என்பதையும் கோடு போட்டுக் குறியுங்கள். கோடு ஏற ஏறச் சரக்கு முறியத் தொடங்கும். பழைய பலகையை உடைத்து அடுத்த சட்டத்தில் போடும்போது, இதுவரை உருக்காத கயிற்றுத் துண்டைச் சரிபாதி சேர்த்துக்கொள்ளுங்கள்.